பசித்த மணலில் பூக்கும் செடி



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்குத் தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இது எல்லோரிடமும் பேச வேண்டிய விஷயம் என்று பட்டதால் இந்தப் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். எழுதியவர் சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் ஒரு வாசகி. நர்சரியில் ஆரஞ்சு நிறத்தில் பூத்து நின்ற பேங்சியா செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து வீட்டு முன்னால் நட்டிருக்கிறார். கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் முருங்கைக்கும் கொடுக்கிற எருவையும் உரத்தையும் இதற்கும் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறார். ஒரு கோடை முடிவதற்குள் இலை மஞ்சளாகி, நுனி கருகி, செடி பட்டுப்போய்விட்டது. "நான் என்ன குறை வைத்தேன்?" என்று கேட்டிருந்தார்.

ஒரு குறையும் வைக்கவில்லை, அம்மா. நீங்கள் போட்ட உரம்தான் அந்தச் செடிக்குச் சேராமல் போயிருக்கிறது. பேங்சியாக்கள் பாஸ்பரஸ் மிகக் குறைவாக இருக்கும் மண்ணிலேயே பல கோடி ஆண்டுகளாக வாழ்ந்து பழகியவை. இருக்கும் கொஞ்சநஞ்சச் சத்தையும் விடாமல் உறிஞ்சும்படி அவற்றின் வேர் அமைந்திருக்கிறது. போதும் என்று நிறுத்திக்கொள்ள அந்த வேருக்குத் தெரியாது. நாம் அள்ளிப் போட்டால் அள்ளிக் குடிக்கும். குடித்ததெல்லாம் இலையில் நஞ்சாகச் சேர்ந்து செடியைக் கொன்றுவிடும். இந்த நாட்டில் ஆசையோடு பேங்சியா நட்டுத் தோற்றுப்போனவர்கள் பலருக்கும் நேர்ந்தது இதுதான். அடுத்த முறை நடும்போது நீர் தேங்காத மணற்பாங்கான இடம், நல்ல வெயில், முதல் கோடையில் தண்ணீர் ஆகிய மூன்றும் போதும். உரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்கவில்லையென்றால், ஆஸ்திரேலியச் செடிகளுக்கென்று பாஸ்பரஸ் குறைத்துத் தனியாக விற்பார்கள். அதிலும் ஒரு பிடி போதும்.

இந்த இதழின் அட்டையில் இருப்பதும் அதே செடிதான். பேங்சியா எரிசிஃபோலியா என்பது அதன் முழுப்பெயர். ஹீத் பேங்சியா என்று சொன்னால் இங்கே புரிந்துகொள்வார்கள். இலையுதிர்காலம் முடிந்து குளிர் தொடங்கும் இந்த நாட்களில், மற்றச் செடிகள் அடங்கிக் கிடக்கும்போது, சிட்னியின் கடலோரப் புதர்வெளிகளில் இது பூத்து நிற்கிறது. ஹீத் என்று இங்கே அழைக்கப்படும் அந்தப் புதர்வெளியை நம்மில் பலர் காரில் கடந்து போயிருப்போம். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஆளுயரம்கூட இல்லாத செடிகள், கம்பி போன்ற கிளைகள், ஊசி போன்ற இலைகள். உப்புக் காற்று ஓயாமல் அடிப்பதால் கடலைப் பார்த்த பக்கம் எல்லாப் புதர்களும் கத்தரித்துவிட்டதுபோல் ஒரே மட்டமாகச் சாய்ந்திருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் காய்ந்துபோன பொட்டல் என்றுதான் தோன்றும். குனிந்து பார்த்தால்தான் ஓர் அடி இடத்தில் எத்தனை வகைச் செடி என்பது தெரியும். வசந்தத்தில் வெள்ளை வெளேரென்று பூக்கும் வெட்டிங் புஷ் என்ற செடி நம் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அதன் சின்னக் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள், உறவு தெரியும்.

பேங்சியாவின் பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். நாம் பூ என்று சொல்வது உண்மையில் ஒரு கதிர். நடுவில் கட்டையான ஒரு தண்டு, அதைச் சுற்றி வரிசை பிசகாமல் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள். ஒவ்வொரு பூவில் இருந்தும் கம்பி போன்ற ஒரு சூல்தண்டு நீண்டு, நுனியில் கொக்கியாக வளைந்திருக்கும். பொன் நிறத்தில் இருந்து துருவேறிய ஆரஞ்சு வரை ஒரே புதரில் பல சாயல்கள் உண்டு. காலையில் விரலால் லேசாகத் தொட்டால் தேன் ஒட்டும். இந்த மண்ணின் ஆதிகுடிகள் பேங்சியாக் கதிர்களைத் தண்ணீரில் ஊறவைத்து இனிப்புப் பானம் செய்து குடித்திருக்கிறார்கள். காய்ந்த கதிர்க்கட்டை மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும் என்பதால், நெருப்பை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லவும் அது பயன்பட்டிருக்கிறது.

அத்தனை பூக்களில் காயாவது சில மட்டுமே. கதிர் வாடிச் சாம்பல் நிறமான பிறகு அங்கங்கே உதடு மூடியதுபோல் கட்டையான விதைக்கூடுகள் புடைத்து நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் சிறகு முளைத்த கறுப்பு விதைகள் ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்தக் கூட்டைக் கையால் பிளக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் மூடியபடியே செடியில் இருக்கும். தீ வந்தால்தான் வாய் திறக்கும். தாய்ச்செடி எரிந்து செத்த பிறகு, சாம்பல் படிந்த வெறும் மணலில் விதை விழுந்து முளைக்கும். பேங்சியா செராட்டா என்ற பெரிய வகையின் வழி வேறு. ஓல்டு மேன் பேங்சியா என்று பெயர் பெற்ற அது, தடித்த பட்டைக்குள் உயிரைக் காத்துக்கொண்டு கருகிய மரத்தில் இருந்தே மறுபடி துளிர்க்கும். பேங்சியாவின் காய்க்கட்டையைப் பார்த்துத்தான் மே கிப்ஸ் அம்மையார் 1918இல் வெளியிட்ட தம் குழந்தைக் கதையில் 'பேங்சியா மனிதர்கள்' என்ற வில்லன்களை உருவாக்கினார். இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் படங்கள் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

இந்த ஊருக்கு இன்றைய உருவம் வந்த கதையும் இந்தச் செடியைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. 1770 ஏப்ரல் 29 அன்று ஜேம்ஸ் குக்கின் எண்டவர் கப்பல் சிட்னிக்குத் தெற்கே இருக்கும் குடாவுக்குள் வந்தது. கரையில் நின்ற குவீகல் இனத்தார் இருவர் ஈட்டியோடு எதிர்த்தார்கள். அவர்கள்மேல் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத்தான் வந்தவர்கள் கரையேறினார்கள். கப்பலில் இருந்த தாவரவியலாளர்கள் ஜோசப் பேங்க்ஸும் டேனியல் சோலாண்டரும் அங்கே திரட்டிய செடிகள் ஏராளம். அந்தக் குடாவுக்குப் பாட்டனி பே என்ற பெயரே அதனால் வந்தது. பேங்க்ஸின் பெயரால் 1782இல் இந்தப் பேரினத்துக்குப் பேங்சியா என்று பெயரிட்டவர் லின்னேயஸின் மகன். முதன்முதலில் பெயர் பெற்ற நான்கு இனங்களில் நம் அட்டைப்பட எரிசிஃபோலியாவும் ஒன்று.

குற்றவாளிகளைக் குடியேற்ற ஏற்ற இடம் என்று 1779இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் பாட்டனி பேயைச் சொன்னவரும் இதே பேங்க்ஸ்தான். அந்தப் பேச்சை நம்பி 1788 ஜனவரியில் ஆர்தர் ஃபிலிப் கப்பல்களோடு வந்தார். வந்து பார்த்தால் மணல், சதுப்பு, நல்ல தண்ணீர் இல்லை, பயிர் செய்ய வழியில்லை. சில நாட்களிலேயே வடக்கே நகர்ந்து இன்றைய சிட்னித் துறைமுகத்தில் இறங்கினார்கள். அன்றில் இருந்து அந்த மணல்வெளிக்கு உதவாத நிலம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு காலமாக அதற்கு நேர்ந்த கேடு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே காரணம் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் உதவாத நிலத்தில் எதையும் செய்யலாம். குப்பை கொட்டலாம், மணல் அள்ளலாம், துப்பாக்கி சுடும் களம் அமைக்கலாம், கோல்ஃப் மைதானம் போடலாம், வீடு கட்டலாம். சிட்னித் துறைமுக வாயிலில் இருக்கும் நார்த் ஹெட்டில் இருந்து பாட்டனி பே வரை காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் பேங்சியா ஸ்க்ரப் என்னும் புதர்க்காடு ஒரு காலத்தில் சுமார் 5,300 ஹெக்டேர் பரந்து கிடந்தது. இன்று மிஞ்சியிருப்பது அதில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. நார்த் ஹெட்டில் ஒரு பகுதி, சென்டனியல் பார்க்கில் ஒரு துண்டு, மலபார் ஹெட்லேண்டில் கொஞ்சம், லா பெரூஸ் பக்கம் கொஞ்சம், கோல்ஃப் மைதானங்களின் ஓரத்தில் சில திட்டுகள் என்று சிதறிக் கிடக்கிறது. இடையில் எல்லாம் நகரம். பாண்டிக்கும் கூஜிக்கும் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வருகிற நாம் கார் நிறுத்துகிற தெருக்களுக்கு அடியிலும் இதே மணல்தான் இருக்கிறது.

அந்த மணலில் இந்தச் செடி எப்படிப் பிழைக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே கிடக்கும் சருகை விலக்கினால், மண்ணோடு மண்ணாகப் பின்னிக்கிடக்கும் மெல்லிய வேர்க்கொத்துகள் தெரியும். பாத்திரம் துலக்கும் நார் போல அடர்த்தியாக இருக்கும். மழைக்காலத்தில் முளைத்துச் சில வாரங்களே உயிரோடு இருக்கும் அந்த வேர்கள், எலுமிச்சையில் இருக்கிற வகை அமிலங்களைச் சுரந்து, மணலோடு இறுகிப்போன பாஸ்பரஸைக் கரைத்து எடுத்துக்கொள்கின்றன. விழுகிற சருகில் இருப்பதையும் விடுவதில்லை. இந்தப் புதர்வெளியில் உள்ள அத்தனை செடிகளும் பற்றாக்குறைக்கு ஏற்றபடி ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. அதனால்தான் எந்த ஒன்றும் ஓங்கி வளர்ந்து மற்றதை அழிக்காமல் இத்தனை வகை ஒன்றாக வாழ முடிகிறது. அங்கே சத்து சேர்ந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். தெருவில் இருந்து வழிந்தோடும் மழைநீரும், சோப்புத் தண்ணீரும், நாய்க் கழிவும், புல்வெளிக்குப் போட்ட உரமும் புதருக்குள் இறங்கினால் முதலில் களை தழைக்கும். பேங்சியா மெல்லச் செத்துப்போகும்.

களை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் உண்ணிச்செடியை மறந்திருக்க மாட்டீர்கள். தென் அமெரிக்காவில் இருந்து அழகுக்கென்று கொண்டுவரப்பட்டு நம் மலைக்காடுகளை வளைத்துக்கொண்ட அதே லாண்டனா, இங்கே சிட்னியின் புதர்களையும் வளைத்திருக்கிறது. கடலோர மணல்மேட்டைப் பிடித்துவைக்கும் என்று 1946 முதல் 1968 வரை அரசே நட்ட பிட்டு புஷ் என்ற தென்னாப்பிரிக்கச் செடி, இன்று இந்தக் கரையின் பெரிய தொல்லைகளில் ஒன்று. அப்படியே எதிர்ப்பக்கமும் பாருங்கள். நீலகிரியில் உதவாத புல்வெளி என்று நினைத்து ஆஸ்திரேலிய வாட்டில் மரத்தைக் கொண்டுபோய் நட்டார்கள். இன்று அது சோலைப் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கிறது. வால்பாறையிலும் கூடலூரிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம், பேங்சியாவின் குடும்பத்தைச் சேர்ந்த கிழக்கு ஆஸ்திரேலிய மரம். இலையைத் திருப்பிப் பார்த்து அடிப்பக்கத்து வெள்ளியை ரசித்தவர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியமில்லை. இரண்டு கரையிலும் வாழ்ந்து பார்த்த நமக்கு, ஒரு நிலத்தைப் பொட்டல் என்று சொல்லி இன்னொன்றைக் கொண்டுவந்து நட்டால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்தப் பூவை நம்பி இருக்கும் உயிர்களில் எனக்கு மிகவும் பிடித்தது பிக்மி பாஸம் என்ற குட்டி விலங்கு. உள்ளங்கைக்குள் அடங்கும். எடை இருபது, முப்பது கிராம்தான். இரவில் வந்து பேங்சியாக் கதிரைக் கட்டிக்கொண்டு, தூரிகை போன்ற நாக்கால் தேனையும் மகரந்தத்தையும் நக்கும். குளிர் அதிகமானால் உடம்பைச் சுருட்டி, வெப்பத்தைத் தணித்துக்கொண்டு உறங்கிவிடும். நார்த் ஹெட்டில் இருந்து மறைந்துபோயிருந்த இந்தச் சின்ன விலங்கை 2016இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். பகலில் அதே பூவுக்கு வளைந்த நீண்ட அலகோடு ஸ்பைன்பில் பறவை வரும். நியூ ஹாலண்ட் தேன்குடிப்பான்கள் கூட்டமாக வந்து சண்டை போடும். மஞ்சள்வால் கருங்காக்கட்டூகள் காயைக் கடித்துக் குதறி விதையைத் தின்னும். குளிர்காலத்தில் இத்தனை பேருக்கும் சோறு போடும் செடிகள் இந்தக் கரையில் அதிகம் இல்லை.

தீயைப் பற்றிச் சொன்னேன். அது வரும் இடைவெளி மிக முக்கியம். எரிசிஃபோலியா விதையில் இருந்து முளைத்து, பூத்து, போதிய விதையைச் சேர்த்துவைக்க எட்டு, பத்து ஆண்டுகளாவது வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் மறுபடி முளைக்க எதுவும் இருக்காது. தீயே வராமல் பல பத்தாண்டுகள் போனால், டீ ட்ரீ என்ற உள்ளூர்ப் புதர் ஓங்கி வளர்ந்து மற்றவற்றின் மேல் நிழலிட்டு அவற்றை ஒழித்துவிடும். 2020 அக்டோபரில் நார்த் ஹெட்டில் திட்டமிட்டு வைத்த தீ காற்றில் கட்டுமீறி 60 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. செய்தி கேட்டுப் பலர் துயரப்பட்டார்கள். பின்னால் அந்தக் கருகிய மணலில் பேங்சியா நாற்றுகள் திரளாக முளைத்தன. ராயல் நேஷனல் பார்க் 1994 ஜனவரித் தீயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிந்தது. இன்று அங்கே போனால் புதியவர்களுக்கு அதன் தடம்கூடத் தெரியாது. புதர்வெளி திரும்பி வரும், நாம் போதிய கால அவகாசம் கொடுத்தால்.

திரும்பி வர உதவும் முறையையும் உலகுக்குச் சொன்னது இந்த ஊர்தான். மொஸ்மனில் வாழ்ந்த ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960களில் தங்கள் வீட்டுப் பக்கத்துக் காட்டில் நடக்கும்போது ஒன்றைக் கவனித்தார்கள். களையை ஒட்டுமொத்தமாக வெட்டிச் சாய்த்த இடங்களில் களையே இன்னும் வேகமாக வந்தது. அவர்கள் வெறும் கையாலும் சிறு கருவிகளாலும் களை பிடுங்கத் தொடங்கினார்கள். காடு நன்றாக இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல மோசமான இடத்தை நோக்கி நகர்ந்தார்கள். பிடுங்கிய இடத்தில் மண்ணைக் கிளறவில்லை, கலைந்த சருகை மறுபடி மூடிவைத்தார்கள். உள்ளூர்ச் செடி தானாக முளைத்து இடத்தைப் பிடித்த பிறகே அடுத்த அடி வைத்தார்கள். எதையும் நடவில்லை. இன்று ஆஸ்திரேலியா முழுவதும் புஷ்கேர் தொண்டர்கள் செய்வது பெரும்பாலும் அந்த இருவர் காட்டிய வழியைத்தான். படித்த பட்டமோ பெரிய பணமோ இதற்குத் தேவைப்படவில்லை. பொறுமையும் கூர்ந்து பார்க்கும் கண்ணும் இருந்தன. எனக்கு அவர்கள்மேல் அளவில்லாத மரியாதை உண்டு.

நம்மவர்களுக்கு இந்தப் புதர்வெளி ஒன்றும் தொலைவில் இல்லை. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகாத குடும்பம் சிட்னித் தமிழர்களில் எத்தனை? கோயிலுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் ராயல் நேஷனல் பார்க் தொடங்கிவிடுகிறது. தரிசனம் முடித்துப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு நேரே ஹைவேயில் ஏறிவிடாமல், ஒரு முறை பூங்காவுக்குள் திரும்புங்கள். வாட்டமொல்லாவை ஒட்டிய கடலோர நடைபாதையிலும், கர்ரா மூர்ஸ் என்ற மேட்டு வெளியிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இந்தப் புதர்தான். இப்போது போனால் பேங்சியா பூத்திருக்கும். பெரியவர்களுக்கு நடக்க முடியாவிட்டால் கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்திலேயே பார்க்கலாம்.

போகும்போது சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூவையோ காயையோ பறிக்க வேண்டாம். சாமிக்கு வைக்கவும் வேண்டாம், ஷோகேஸுக்கும் வேண்டாம். தேசியப் பூங்காவில் அது சட்டப்படியும் குற்றம். செருப்பு, ஷூவில் ஒட்டிய மண்ணைக் கிளம்புமுன் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஃபைட்டோஃப்தொரா என்ற நுண்ணுயிர் அந்த மண்ணில் ஒட்டிக்கொண்டு போய் பேங்சியாவின் வேரை அழுகவைக்கும். ஒரு முறை மண்ணில் இறங்கிவிட்டால் அதை முழுவதுமாக ஒழிக்க வழியில்லை. நடைபாதையை விட்டு இறங்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும். வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய கொடியையும் குப்பையையும் காட்டோரம் கொண்டுபோய்க் கொட்டும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. மக்கி உரமாகட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்கிறோம். அந்த உரம்தான் அங்கே வேண்டாம். தோட்டக் கழிவுக்கான பச்சைக் குப்பைத்தொட்டி அதற்குத்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு வேண்டுகோள். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் புஷ்கேர் என்று தேடினால், பக்கத்தில் எந்தக் காட்டுத்துண்டில் எந்த நாளில் களை எடுக்கிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் மாதத்தில் ஒரு காலைப்பொழுதுதான். கையுறை, கருவி எல்லாம் அவர்களே தருவார்கள், எதைப் பிடுங்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லியும் தருவார்கள். ஊரில் வயலில் களை எடுத்துப் பழகிய அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளோடு வந்து இங்கே பகல் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போங்கள். அவர்கள் கையின் வேகத்தைப் பார்த்துத் தொண்டர்கள் அசந்துபோவார்கள். போய்வந்தவர்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள், படமும் அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்